வாலில் கட்டிய விளக்கு

“தீதி, உங்க மியூட்டன்ட் என் கையில வேலை செய்ய மாட்டேங்குது.”

பைசான் இதை இந்தியில், அக்கா என்னும் ‘தீதி’யோடு தொடங்கி, தயங்கித் தயங்கி, கலைச்செல்வியின் முதுகைப் பார்த்துச் சொன்னான். அவள் திரும்பவில்லை. கண்ணாடித் தடுப்புக்குள் இரண்டு கைகளையும் நுழைத்து, செல்கள் வளரும் தட்டுகளிலிருந்து ஊட்டநீரை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“உன் செல் பழசாயிருக்கும். தூக்கிப் போடுன்னு அப்பவே சொன்னேன்ல?”

“புதுசுதான் தீதி. திரும்பவும் பார்த்தேன். அதே மாதிரிதான் வருது.”

“அப்ப கை சரியில்ல. பைப்பெட் பிடிக்கப் பழகறதுக்குள்ள அடுத்தவங்க ரிசல்ட்டைத் தப்புன்னு சொல்ல வந்துடுறீங்க.”

ஆய்வகத்தின் மறுகோடியில் யாரோ சிரித்தார்கள். பைசான் தன் மேஜைக்குப் போய்விட்டான். அவன் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எந்தக் கேள்வியையும் மன்னிப்புக் கேட்பதுபோலவே கேட்கிற பையன். அவனை அப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று அவளுக்கு உடனே தோன்றியது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

கலைச்செல்வி தாராவிக்காரி. அப்பா அய்யாத்துரை தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்னால் ரெக்ஸின் பைகள் தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். செம்பூர்ப் பக்கம் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவள் பி.எச்டி.க்குச் சேர்ந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. வீட்டில் அதைப் ‘படிப்பு’ என்பார்கள், அக்கம்பக்கத்தில் ‘இன்னுமா படிக்கா?’ என்பார்கள்.

அவள் படித்தது இதைத்தான். செல்லின் மேற்சவ்வை வளர்ச்சிக் காரணி என்னும் புரதம் வெளியிலிருந்து வந்து தொடுகிறது. உடனே உள்ளே ஒரு புரதம் இன்னொன்றைத் தொட, அது அடுத்ததைத் தட்டிவிட, கடைசியில் எர்க் என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து ‘வளர்’ என்று சொல்லும் மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. காயம் ஆறுவது இதனால்தான், குழந்தை வளர்வதும் இதனால்தான். ஆனால் எழுந்த மரபணு சற்று நேரத்தில் அடங்கிவிட வேண்டும். அடங்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் செல் கட்டுமீறிப் பெருகும். புற்றுநோய்க்கு அதுவும் ஒரு வழி.

அடக்குவது எது? எர்க்கைப் பற்றிக்கொண்டு உட்கருவுக்கு வெளியே நிறுத்தும் ஒரு புரதம் இருந்தது. எழுத்தும் எண்ணுமாக அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. ஆய்வகத்தில் எல்லோரும் வாட்ச்மேன் என்றுதான் சொன்னார்கள். அந்த வாட்ச்மேன் தன் உடம்பின் எந்த இடத்தால் எர்க்கைப் பற்றுகிறது என்பதைக் கலைச்செல்வி கண்டுபிடித்திருந்தாள். நடுப்பகுதியில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றினாள். பிடி விட்டது. மரபணு அடங்காமல் ஓடியது. அப்படி மாற்றிய புரதத்தைத்தான் பைசான் மியூட்டன்ட் என்றான்.

ஆய்விதழ் அந்தக் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டது. வெளியாக இரண்டு வாரம் இருந்தது. அதை வைத்து ஜெர்மனியில் ஓர் ஆய்வகம் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. மாதுங்காவில் தமிழ் வணிகர்களின் நலச் சங்கம் அவளுக்குப் பாராட்டுவிழா ஏற்பாடு செய்திருந்தது. இதையெல்லாம் நினைத்தாலே சில நாட்களாக அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு குதிப்பு இருந்தது. அன்று மாலை அந்தக் குதிப்பே வேறு மாதிரி ஆகிவிட்டது.

திரும்பவும் பார்த்தேன் என்றானே.

தட்டுகளை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள், குடிக்காமல் வந்தாள். மேஜையில் உட்கார்ந்தாள், எழுந்தாள். கடைசியில் பைசானைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனாள்.

“நான் பேசினது தப்பு. நீ என்ன செஞ்சேன்னு முதல்லேருந்து சொல்லு.”

அவன் நம்பாமல் அவளைப் பார்த்தான். பிறகு சொல்லத் தொடங்கினான். எல்லாம் அவள் செய்தபடியே செய்திருந்தான். செல்லில் இயற்கையாக இருந்த வாட்ச்மேனை நீக்கிவிட்டு, அவளுடைய மியூட்டன்ட்டை உள்ளே விட்டிருக்கிறான். செல்களைப் பட்டினி போட்டு, பிறகு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்திருக்கிறான். மரபணு எழுந்தது. ஒன்றுமே நடக்காததுபோல நேரத்துக்கு அடங்கியும் விட்டது.

“ஒரே ஒரு விஷயம் தீதி. நான் மைக்ராஸ்கோப்ல பார்க்கப் போறதில்லைல, அதனால பச்சை விளக்கை வெட்டி எடுத்துட்டேன். அதுல என்ன வந்துடப் போகுது?”

விளக்கு என்று அவன் சொன்னது ஒரு வகை ஜெல்லிமீனிலிருந்து வந்த புரதத்தை. நீல ஒளி பட்டால் அது பச்சையாக மினுங்கும். எந்தப் புரதத்தோடு அதை ஒட்டிவைத்தாலும், அந்தப் புரதம் செல்லுக்குள் எங்கே போகிறது என்று பார்த்துவிடலாம். உலகமெங்கும் செய்வதுதான்.

“ஒண்ணும் வராது” என்றாள் கலைச்செல்வி.

மறுநாள் காலை குர்லாவில் ரயில் மாறி ஏறியபோதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. மகளிர் பெட்டியில் கதவோரம் நின்ற பெண்கள் குடைகளை உதறினார்கள். ஒருத்தி உட்கார இடம் காட்டினாள், இவள் வேண்டாமென்று தலையசைத்தாள். விளக்கில் என்ன வந்துவிடும்? மாற்றம் செய்யாத நல்ல வாட்ச்மேனிலும் விளக்கு இருந்தது. மியூட்டன்ட்டிலும் இருந்தது. இரண்டும் ஒரே மாதிரிதானே மினுங்கின.

ஒரே மாதிரியா?

நல்ல வாட்ச்மேனை வேறோர் ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கினார்கள். அவர்கள் விளக்கைப் புரதச் சங்கிலியின் தொடக்கத்தில், தலைப்பக்கம் ஒட்டியிருந்தார்கள். மியூட்டன்ட்டை அவளே செய்தாள். அப்போது கையில் இருந்த பொருளுக்கு வால்பக்கம் ஒட்டுவது சுலபமாக இருந்தது, ஒட்டிவிட்டாள். இத்தனை காலமும் அவள் ஒப்பிட்டது நல்லதையும் மாற்றியதையும் அல்ல. தலையில் விளக்கு உள்ளதையும் வாலில் விளக்கு உள்ளதையும்.

செம்பூர் வந்ததும் போனதும் தெரியவில்லை. கோவண்டியும் போய்விட்டது. மான்குர்டில் இறங்கி, எதிர்த் தடத்தில் வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் அங்குமிங்கும் நடந்தாள்.

வந்தனா மேடம் அவளுடைய நெறியாளர். ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். கலைச்செல்வி சொல்லி முடித்ததும் அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“கட்டுரையை மதிப்பிட்டவங்க யாரும் இதைக் கேட்கலை.”

“நாமளும் கேட்கலை மேடம்.”

“விளக்கு காரணமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பையன் புதுசு.”

“அவன் சரியாத்தான் செஞ்சிருக்கான்.”

“அதை நீ நிரூபி. மாற்றம் எதுவும் செய்யாத வாட்ச்மேனை எடு. விளக்கை வாலில் ஒட்டு. மரபணு அடங்குச்சுன்னா கட்டுரை நிக்கும். அடங்கலைன்னா...” அவர் முடிக்கவில்லை. “சந்தேகத்தை வச்சு நான் இதழாசிரியருக்கு எழுத மாட்டேன். உன் ஜெர்மனி, என் அடுத்த திட்டம் எல்லாம் இதுல நிக்குது. தெரிஞ்சப்புறம் சொல்லு.”

கதவருகே போனவளை அவர் கூப்பிட்டார். “இதை நீ என்கிட்ட சொல்லாமலே போயிருக்கலாம். தெரியும்ல?”

தெரியும். பைசானுக்குச் செல் பழசு என்று இன்னொரு முறை அழுத்திச் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். நேற்று அவள் அதைத்தான் செய்யப் பார்த்தாள்.

வேலையை இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். புது டி.என்.ஏ.வைச் செய்து, சரிபார்த்து, செல்லுக்குள் விட்டு, செல்கள் அதை ஏற்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பட்டினி. எதையும் அவசரப்படுத்த முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் முடிவு அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை மாலைதான் தெரியும். பாராட்டுவிழா அன்றைக்குக் காலையில். கட்டுரை மறுநாள் வெளியாகிறது.

அவள் பட்டறைக்குப் போனபோது அய்யாத்துரை பள்ளிப் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மெஷின்களின் சத்தத்துக்கு மேலே அவள் கத்திப் பேச வேண்டியிருந்தது.

“அப்பா, அந்த ஃபங்ஷன் வேண்டாம்னு சொல்லிருங்க.”

அவர் மெஷினை நிறுத்தினார். “என்னட்டி சொல்லுத?”

“நான் கண்டுபிடிச்சது தப்பா இருக்கலாம்ப்பா.”

“இருக்கலாமா, தப்பேவா?”

“ஞாயித்துக்கெழம சாயந்தரம்தான் தெரியும்.”

“ஃபங்ஷன் காலைலதான?”

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“ஏட்டி, ஹால் புக் பண்ணியாச்சு. சங்கரநாராயணன் அண்ணாச்சி ஒரு மாசமா அலையுதாவ. விக்ரோலிலேருந்து, அம்பர்நாத்துலேருந்து எல்லாம் ஆளுவ வாராவ. இப்பம் போய் சும்மா காலி-பீலி வேண்டாம்னா நல்லாருக்குமா? நீ மேடையில ஏறி உள்ளதச் சொல்லு. அவ்வளவுதான?”

“உள்ளதையே சொல்லட்டுமா?”

“பின்ன என்னத்தச் சொல்லுவ?” என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி மெஷினை மிதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாதுங்கா ஹால் நிறைந்திருந்தது. அம்மா அன்னத்தாய் பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சங்கரநாராயணன் பாத்திரக்கடைக்காரர், சங்கத் தலைவர், நல்ல மனிதர். தாராவியில் பிறந்த பிள்ளை புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக மைக்கில் அறிவித்தார். மருந்தைப் பற்றிக் கலைச்செல்வி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவள் முறை வந்தது. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் மருந்து எதுவும் கண்டுபிடிக்கல. செல்லுக்குள்ள ரெண்டு புரதம் எப்படி ஒண்ணை ஒண்ணு பிடிக்குதுன்னு பார்த்தேன். பிடிக்கிற இடம் இதுதான்னு சொன்னேன். அது தப்பா இருக்கலாம்னு இப்ப நெனைக்கேன். நான் செஞ்ச ஒரு தவறு எனக்குப் போன வாரந்தான் தெரிஞ்சுது. இன்னைக்குச் சாயந்தரம் அது உறுதியாயிரும். அதனால இந்தப் பாராட்டு...”

கைதட்டல் எழுந்தது. அவள் நிறுத்திவிட்டு விழித்தாள். சங்கரநாராயணன் எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

“பாத்தியளா? எவ்வளவு பெரிய படிப்பு படிச்சிருக்கு, எவ்வளவு அடக்கம் பாத்தியளா! நம்ம பிள்ளேல் இதத்தான் கத்துக்கிடணும்.”

பொன்னாடை தோளில் விழுந்தது. கேமரா மின்னியது. அவள் “அண்ணாச்சி, நான் நெசமாத்தான் சொல்லுதேன்” என்றாள். அவர் புன்னகையோடு, “இருக்கட்டும்மா, இருக்கட்டும்” என்றார். அடுத்த நிகழ்ச்சிக்குச் சலங்கை கட்டிய சிறுமிகள் மேடைப்படியில் தயாராக நின்றார்கள். இறங்கும்போது பார்த்தாள். ஹாலில் அப்பா மட்டும்தான் கை தட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டுக்கு அவள் நிற்கவில்லை. பொன்னாடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அய்யாத்துரை பின்னாலேயே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தார்.

“நானும் வாரேன்.”

“அங்க வந்து என்னப்பா செய்வீங்க?”

“சும்மா உக்காந்துருக்கேன். இத்தன வருசத்துல நீ எங்க போயிட்டு வாரேன்னு நான் ஒரு தடவகூடப் பாக்கலையே.”

கிங்ஸ் சர்க்கிளில் ஏறி வடாலாவில் மாறினார்கள். வண்டியில் அவள் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். வாட்ச்மேன், எர்க், தலை, வால். அவர் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எனக்குப் பாதி வெளங்கல. ஆனா நீ மேடையில சொன்னது தப்புன்னு இல்ல. அவங்கதான் கேக்கல.” கொஞ்சம் பொறுத்து, “ஜெர்மனி போவ முடியாதோ?” என்றார்.

“தெரியலப்பா.”

பைசான் ஏற்கெனவே வந்திருந்தான். அய்யாத்துரைக்கு ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, எங்கிருந்தோ வடாபாவ் வாங்கிவந்து, வெளியே வராந்தாவில் வைத்துச் சாப்பிடச் சொன்னான். பிறகு இருவரும் கையுறை மாட்டினார்கள். பட்டினி கிடந்த செல்கள் தட்டுகளில் அடங்கிக் கிடந்தன. கலைச்செல்வி வளர்ச்சிக் காரணியைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குறித்த இடைவெளிகளில் ஒவ்வொரு தட்டாக எடுத்து, செல்களைக் கரைத்து, மரபணு எழுதிய ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தார்கள். பைசான் ஒரு முறை குழாயை நழுவவிட்டுப் பிடித்துக்கொண்டான். அவள் அடுத்த குழாயை அவன் பக்கம் நகர்த்தினாள்.

இடையில் ஒரு தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“பச்சையா இருக்கு. நெறைய. நடுவுல மட்டும் இருட்டா இருக்கு.”

“அந்த நடுதான் உட்கரு. மரபணு எல்லாம் அங்கதான் இருக்கு. நீங்க பாக்குற பச்சைதான் வாட்ச்மேன்.”

“உசிரோடவா?”

“உசிரோடதான்.”

அவர் நிமிர்ந்து அவளையும் பைசானையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, நீங்க வேலயப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் போய் உட்கார்ந்தார்.

மரபணு எவ்வளவு ஓடியது என்று அளந்து காட்டும் பி.சி.ஆர். கருவிக்குள் மாதிரிகளை வைத்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. கலைச்செல்விக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கழுவிய குடுவைகளையே எடுத்துக் கழுவினாள். என்ன முடிவு வர வேண்டும் என்று தான் விரும்புகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. மரபணு அடங்கிவிட்டால் கட்டுரை பிழைக்கும். ஆனால் பைசானுக்கு ஏன் அப்படி வந்தது என்பது பிடிபடாமலே போய்விடும். அடங்காவிட்டால் எல்லாம் போகும்.

“தீதி” என்றான் பைசான்.

திரையில் கோடுகள் எழும்பத் தொடங்கியிருந்தன. தலையில் விளக்கு வைத்த நல்ல வாட்ச்மேன் இருந்த செல்களில் மரபணு எழுந்து, அடங்கியிருந்தது. பைசானின் விளக்கில்லாத மியூட்டன்ட்டிலும் அப்படியே. வாலில் விளக்கு ஒட்டிய நல்ல வாட்ச்மேன் இருந்த செல்களில், கடைசித் தட்டுவரைக்கும், மரபணு ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் மாற்றிய அமினோ அமிலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவளுடைய கட்டுரையில் இருந்தது முழுக்க ஒரு விளக்கின் வேலை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பைசான் திரைக்கு முன்னால் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

“தீதி, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. வால்ல விளக்கை ஒட்டினா பிடி விடுதுன்னா... அது வாலாலதானே பிடிக்குது?”

அவள் அவனைப் பார்த்தாள். இத்தனை நாளும் எது போகும் என்பதையே எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு இது ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

“வாலாலயும் இருக்கலாம். விளக்கு பெருசு, பக்கத்துல வேற எதையாவது மறைக்கவும் செய்யலாம்” என்றாள். அதற்குள் எழுந்து நின்றிருந்தாள். “வாலை வெட்டிப் பார்க்கணும். கொஞ்சங் கொஞ்சமா.”

வந்தனா மேடம் முதல் மணியிலேயே போனை எடுத்தார். அவள் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

“இதழாசிரியருக்கு இப்பவே எழுதறேன். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கலாம்.” பிறகு இன்னும் மெதுவாக, “நாளைக்குச் சீக்கிரம் வா. அந்தப் பையனையும் வரச் சொல்லு” என்றார்.

கட்டுரை வெளிவரவில்லை. ஜெர்மனிக்காரர்கள் மரியாதையாக வருத்தம் தெரிவித்தார்கள், அந்த இடத்துக்கு வேறொருவர் போனார். வந்தனா மேடம் சில வாரங்கள் அவளிடம் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. சங்கத்தின் மலரில் அவள் படம் பொன்னாடையோடு வந்தது. கீழே மருந்து கண்டுபிடித்தவர் என்றே போட்டிருந்தார்கள். அய்யாத்துரை மட்டும் பட்டறைக்கு வருகிறவர்களிடம், “அது அப்பிடி இல்லவே. அவ கண்டுபிடிச்சது தப்புன்னு அவளேதான் கண்டுபிடிச்சா” என்று சொல்லிவந்தார். கேட்டவர்கள் அவளுக்காக வருத்தப்பட்டார்கள்.

ஒரு வருடம் கழித்து, அவர்கள் இதுவரை பயன்படுத்திவந்த சிறுநீரகச் செல்களில் வால்தான் எர்க்கைப் பற்றுகிறது என்பது உறுதியானது. வாலின் கடைசித் துண்டை மட்டும் வெட்டினாலே பிடி போய்விட்டது. இந்த முறை கட்டுரையின் முதல் ஆசிரியர்களாகக் கலைச்செல்வி, பைசான் என்று இரண்டு பெயர்களைச் சமமாகப் போடச் சொன்னாள். வந்தனா மேடம் தலையசைத்தார்.

“தோல் செல்லையும் முழுசாப் பார்த்துட்டு அனுப்பலாம் மேடம்” என்றாள் கலைச்செல்வி. “அதுல வாலை வெட்டினாலும் மரபணு அடங்குது. அங்க எர்க்கை வேற யாரோ பிடிக்கிறாங்க.”

“கையில இருக்கிறதை எழுதி முடி. பட்டம் வாங்கிட்டுப் போ. எத்தனை வருஷம் இங்கயே இருப்ப?”

“யார் பிடிக்கிறாங்கன்னு தெரியாம என்னால எழுத முடியாது.”

இருவரும் வெகுநேரம் வாதாடினார்கள். கடைசியில் மழைக்காலம் முடியும்வரை அவளுக்கு அவகாசம் கிடைத்தது. அறையை விட்டு வெளியே வந்தவள் நேராகப் பைசானின் மேஜைக்குப் போய், தோல் செல்கள் எத்தனை தட்டு தயாராக இருக்கின்றன என்று கேட்டாள்.